‘25 வருஷத்துக்கு ரிசார்ட் உங்களுக்கே சொந்தம்!’ டைம்ஷேர் கார்டில் நிஜமாக என்ன கிடைக்கும்? முழு விவரம்

விழுப்புரம்:

"சார், உங்க நம்பர் குலுக்கல்ல விழுந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மேடத்தோட வாங்க, கிப்ட் ரெடியா இருக்கு!"

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இப்படி ஒரு போன் வந்த வீடுகள் நிறைய. துணிக்கடை வாசலிலோ, பெட்ரோல் பங்கிலோ, புதுச்சேரி பீச்சுக்கு போன அன்றோ ஏதோ ஒரு கூப்பனில் பேரும் நம்பரும் எழுதிப் போட்டிருப்பீர்கள். மறந்தும் போயிருப்பீர்கள். அந்த சீட்டு மறக்காது.

கிப்ட் வாங்கப் போனால் ஏ.சி. ஹாலில் உட்கார வைத்து காபி, பிஸ்கட் கொடுப்பார்கள். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கோவா என்று படம் ஓடும். கடைசியில் வெளிநாட்டு தீம் பார்க் வரும். கோட்டை, வாணவேடிக்கை, சிரிக்கிற குழந்தைகள். "இதெல்லாம் வருஷத்துல 7 நாள் உங்களுக்கு சொந்தம் சார்" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டம்மா உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

இதுதான் டைம்ஷேர். இது மோசடியா என்று கேட்டால், இல்லை. முறைப்படி நடத்தும் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன, சந்தோஷமாக போய் வரும் குடும்பங்களும் இருக்கின்றன. அப்படியானால் எல்லோரும் வாங்கலாமா என்றால் அதற்கும் பதில் இல்லை தான். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது. உங்களுக்கு எப்போது லீவு கிடைக்கும்?

சொந்தம் என்ற வார்த்தை

முதலில் அந்த ‘சொந்தம்’ என்ற வார்த்தையைப் பார்ப்போம். இந்தியாவில் விற்கும் டைம்ஷேர் பெரும்பாலும் தங்கும் உரிமை மட்டும் தான். ரூமுக்கு பட்டா கிடையாது. திண்டிவனம் சார்பதிவாளர் ஆபீசில் இல்லை, ஊட்டியில் இருக்கிற ஆபீசிலும் உங்கள் பேரில் எதுவும் பதிவாகாது. வருஷத்தில் இத்தனை ராத்திரி, இந்த அளவு ரூமில், இந்த சீசனில் வாடகை இல்லாமல் தங்கலாம். அவ்வளவு தான் ஒப்பந்தம். 25 வருஷம் முடிந்தால் உரிமையும் முடிந்தது.

இந்த யோசனை நம்ம ஊர் சரக்கு அல்ல. ஐரோப்பாவில் 1960களில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் 1963-ல் வந்த ஹாபிமாக் தான் முன்னோடிகளில் ஒன்று. அமெரிக்காவில் 1974-ல் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற கம்பெனி வந்தது. என் வாரத்தை நீ எடுத்துக்கொள், உன் வாரத்தை எனக்குக் கொடு என்று உலகம் முழுக்க ரிசார்ட்டுகளை இணைத்தது இது. பஸ்ஸில் சீட் மாற்றிக்கொள்வது மாதிரி.

நம்ம நாட்டில் பிள்ளையார் சுழி போட்டது சென்னைக்காரர்கள். 1986-ல் தொடங்கிய ஸ்டெர்லிங் தான் இந்த வியாபாரத்தில் முன்னோடி. கொடைக்கானல், ஊட்டி என்று மலையில் ரூம் கட்டி, சமவெளியில் மெம்பர் சேர்த்தார்கள். 1990களின் கடைசியில் கம்பெனி பண நெருக்கடியில் சிக்கியது. ரிசார்ட்டுகள் பராமரிப்பு இல்லாமல் போனதாக மெம்பர்கள் குமுறினார்கள். பிறகு புது முதலீட்டாளர்கள் வந்து தூக்கி நிறுத்தினார்கள். 2014-ல் தாமஸ் குக் இந்தியா அதை வாங்குவதாக அறிவித்தது. மகிந்திரா குழுமம் 1996-ல் இதே துறையில் இறங்கியது. கிளப் மகிந்திரா என்ற பெயர் இன்று ஊரறிந்தது. கம்பெனி 2009-ல் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டது.

ஸ்டெர்லிங் கதையை சும்மா சொல்லவில்லை. நீங்கள் பணம் கட்டுவது 25 வருஷத்துக்கு. அத்தனை காலம் கம்பெனி நல்லா இருக்கணும், ரூம் நல்லா இருக்கணும். நடுவில் கை மாறலாம். வாங்கும்போது காட்டுகிற பளபளப்பு அன்றைய பளபளப்பு.

கிடைக்கிற சலுகைகள்

குறை மட்டும் சொல்லக் கூடாது. நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

முதல் சலுகை ரூம் தான். சாதாரண லாட்ஜ் ரூம் மாதிரி கட்டிலும் டி.வி.யும் மட்டும் இருக்காது. பல ரிசார்ட்டுகளில் ஹால், தனி படுக்கை அறை, சின்ன சமையல் மேடை, பிரிட்ஜ் எல்லாம் இருக்கும். கைக்குழந்தைக்கு பால் காய்ச்சலாம், சர்க்கரை வியாதி உள்ள அம்மாவுக்கு கஞ்சி வைக்கலாம். ஆறு பேர் குடும்பம் ரெண்டு ரூம் எடுத்து ராத்திரி போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நீச்சல்குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை, மலையேற ஆள் துணை இதெல்லாம் உண்டு. குழந்தைகள் குதூகலமாக இருப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை.

ரெண்டாவது, 7 ராத்திரியையும் ஒரே மூச்சில் தங்க வேண்டியதில்லை. 3 நாள் ஏற்காடு, 4 நாள் மூணாறு என்று பிரிக்கலாம். இந்த வருஷம் போகவில்லை என்றால் அடுத்த வருஷத்துக்கு சேர்த்து வைக்கும் வசதியும் பல திட்டங்களில் உண்டு. ஆனால் எத்தனை வருஷம் வரை என்று வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் போச்சு.

மூன்றாவது, உங்களால் போக முடியாவிட்டால் மச்சானையோ மருமகனையோ அனுப்பலாம். இதற்கு சில கம்பெனிகள் தனி கட்டணம் போடும். பொண்ணு கல்யாணம் ஆனதும் தேன்நிலவுக்கு இந்த கார்டில் அனுப்பி வைத்த அப்பாக்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, பரிமாற்றம். ஆர்.சி.ஐ. மாதிரி அமைப்பு மூலம் உங்கள் வாரத்தைக் கொடுத்துவிட்டு வெளிநாட்டு ரிசார்ட்டில் ஒரு வாரம் வாங்கலாம். தீம் பார்க் பக்கத்து ரிசார்ட் படம் காட்டுவது இதை வைத்துத்தான். பரிமாற்றத்துக்கு தனி சந்தா, தனி கட்டணம். விமான டிக்கெட்டும் விசாவும் உங்கள் செலவு. நீங்கள் கொடுக்கிற வாரம் யாருமே கேட்காத ஆடிக் காத்து வாரமாக இருந்தால், பதிலுக்கு கிடைப்பதும் அப்படித்தான் இருக்கும்.

ஓட்டல் சாப்பாட்டில் தள்ளுபடி, மசாஜில் தள்ளுபடி என்று இன்னும் சில சில்லறை சலுகைகள் உண்டு. அவற்றுக்காக யாரும் லட்சக்கணக்கில் போடப் போவதில்லை என்பதால் விட்டுவிடுவோம்.

டிஸ்னி கதை

தீம் பார்க் ரிசார்ட் டைம்ஷேர் என்றால் உலகத்தில் பெரிய பெயர் டிஸ்னி வெகேஷன் கிளப். 1991-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் தொடங்கியது. 1971-ல் திறந்த மாஜிக் கிங்டம் பார்க் இருக்கிற அதே வளாகம்.

அங்கே வாரக் கணக்கு இல்லை, பாயிண்ட் கணக்கு. வருஷத்துக்கு இத்தனை பாயிண்ட் என்று வாங்க வேண்டும். கூட்டம் இல்லாத நாளில் ஒரு ரூமுக்கு கொஞ்சம் பாயிண்ட் போதும். கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே ரூமுக்கு எக்கச்சக்கமாக பிடுங்கிவிடும். நீங்கள் வாங்கிய ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே புக் செய்யலாம். மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதம் முன்பு தான் கதவு திறக்கும். ஒரு வருஷ பாயிண்டை அடுத்த வருஷத்துக்கு தள்ளலாம், அடுத்த வருஷத்தில் இருந்து கடனும் வாங்கலாம். பார்க்கிங் இலவசம், சாப்பாட்டிலும் கடைகளிலும் தள்ளுபடி, மெம்பர்களுக்கு மட்டும் ஓய்வு அறை என்று சலுகைகள் உண்டு.

எல்லாம் சரி. பார்க் உள்ளே போக டிக்கெட்? அது தனி! பல பேருக்கு இங்கே தான் தூக்கிவாரிப் போடும். ரூம் உங்களுது, ராட்டினம் உங்களுது இல்லை. வருஷ பாஸ் வாங்கினால் மெம்பருக்கு தள்ளுபடி கிடைக்கலாம். ஆனால் கார்டைக் காட்டினால் கேட் திறக்காது.

இன்னொரு கூத்து. இதே மெம்பர்ஷிப்பை வேறொருவரிடம் இருந்து பழசாக வாங்கினால் ரூம் கிடைக்கும், சலுகை எல்லாம் கிடைக்காது. 2016 ஏப்ரல் 4-ந்தேதிக்குப் பிறகு கை மாறி வாங்கியவர்களுக்கு தள்ளுபடிகளை டிஸ்னி நிறுத்திவிட்டது. அதாவது சலுகை என்பது ஒப்பந்தத்தில் இருக்கிற உரிமை அல்ல. கம்பெனி மனசு வைத்துக் கொடுப்பது, வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வது. அங்கே சொத்துப் பத்திரம் மாதிரி பதிவு உண்டு. ஆனாலும் ஆரம்ப காலத்தில் விற்ற ரிசார்ட்டின் ஒப்பந்தங்கள் 2042 ஜனவரி 31-ந்தேதியோடு முடிந்து, கட்டிடம் டிஸ்னி கைக்கே போகும்.

நம்ம பக்கத்து பார்க்குகளில் இந்த தலைவலி கிடையாது. ஈ.சி.ஆரில் வி.ஜி.பி., முட்டுக்காடு எம்.ஜி.எம்., பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட், மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் பிளாக் தண்டர் எல்லாம் நாள் டிக்கெட் தான். காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறினால் சாயங்காலம் வரை ஆடிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்கலாம். ரூமே தேவையில்லை. பெங்களூரு வொண்டர்லாவில் பார்க்கை ஒட்டி 2012-ல் இருந்து ரிசார்ட் இருக்கிறது. அங்கேயும் தேவைப்பட்ட அன்று ரூம் போட்டுக்கொள்ளலாம்.

புதுச்சேரியிலும் கிளப் மகிந்திராவுக்கு கடலோர ரிசார்ட் இருக்கிறது. ஆனால் விழுப்புரத்துக்காரருக்கு புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர் தான். ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் போய் சேரும் ஊரில் ராத்திரி தங்க லட்சம் லட்சமாக யாராவது கொடுப்பார்களா? பக்கத்தில் ரிசார்ட் இருக்கு என்று சொல்லி விற்றால், அது சென்னைக்காரருக்கு சலுகை. நமக்கு இல்லை.

கலரில் இருக்குது சூட்சுமம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

கிளப் மகிந்திராவில் வருஷத்தை கலராகப் பிரித்திருக்கிறார்கள். பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ. அதிக கூட்டம் அலைமோதும் நாட்கள் பர்ப்பிள். அதற்கு அடுத்தது ரெட். சுமாரான நாட்கள் ஒயிட். ஈ ஓட்டும் நாட்கள் புளூ. ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் இந்த காலண்டர் வேறு வேறு. பர்ப்பிள் கார்டு வைத்திருப்பவர் எந்த கலரிலும் போகலாம். புளூ கார்டு வைத்திருப்பவர் தன் உரிமை நாட்களை புளூவில் தான் பயன்படுத்த முடியும். மேலே ஏற முடியாது. விலையும் அப்படியே. பர்ப்பிள் எட்டாத உயரம், புளூ மலிவு. மற்ற கம்பெனிகளிலும் பெயர் தான் வேறே, கணக்கு கிட்டத்தட்ட இதே.

நம்ம ஆள் என்ன செய்வார்? பர்ப்பிள் விலையைக் கேட்டதும் மயக்கம் வரும். விற்பவர் மெதுவாக, "சார், ஒயிட் எடுத்துக்குங்க, பாதி விலை தான், அதே ரூம், அதே ரிசார்ட்" என்பார். அது உண்மையும் கூட. அதே ரூம் தான், அதே ரிசார்ட் தான். ஆனால் அதே நாள் இல்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு பள்ளிக்கூட லீவு எப்போது? மே மாதம். ஊட்டியும் கொடைக்கானலும் பிதுங்கி வழியும் மாதம். அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில். அப்புறம் பொங்கல், தீபாவளி. நாலும் சீசனின் உச்சி! கார்டில் இருக்கிற கலருக்கும் பிள்ளையின் லீவுக்கும் ஏழாம் பொருத்தம்.

விழுப்புரம் அரசு போக்குவரத்து கழகத்தின் தலைமையிடம். டிரைவர், கண்டக்டர் குடும்பங்கள் இங்கே ஏராளம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரே லீவில் இருக்கும்போது ஸ்பெஷல் பஸ் ஓட்டுபவர் இவர். இவருக்கு லீவு கிடைப்பது ஊர் அடங்கிய பிறகு தான். அந்த நேரம் புளூ சீசன் காலியாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம். திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி போட்டவருக்கு கோடை தான் காசு பார்க்கும் காலம். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி பழம் விற்கிறவர் ஏப்ரலில் கொடைக்கானலுக்கு எங்கே போவது?

மரக்காணம் உப்பளத்து ஆளுக்கு கதை தலைகீழ். மழைக்காலத்தில் அவருக்கு வேலை இருக்காது. சீசன் இல்லாத நாட்கள் அவருக்கு ஒத்துவரும். ஆனால் வேலை இல்லாத மாதத்தில் கையில் காசும் இருக்காது என்பதை அந்த ஏ.சி. ஹாலில் யாரும் கேட்பதில்லை.

சரி, யாருக்குத்தான் ஒத்துவரும்? பிள்ளைகளை கரை சேர்த்துவிட்டு ரிட்டயர் ஆன தம்பதிக்கு ஒத்துவரும். எந்த மாதமும் லீவு தானே. கடை வைத்திருந்து, பையன் பார்த்துக்கொள்வான் என்று பத்து நாள் கிளம்பக்கூடியவருக்கு ஒத்துவரும். வருஷம் தவறாமல் ஊர் சுற்றுகிற, மூணு நாலு மாதம் முன்பே தேதி குறிக்கிற பழக்கம் உள்ளவருக்கு நிச்சயம் லாபம். ‘நாளைக்கு கிளம்பலாமா’ என்று ராத்திரி முடிவு செய்கிற குடும்பத்துக்கு இது சரிப்படாது. கடைசி நேரத்தில் ரூம் காலி இருக்காது.

இதில் வழிச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். கொடைக்கானலுக்கு விழுப்புரத்தில் இருந்து பாண்டியன் எக்ஸ்பிரசில் கொடை ரோடு போய் அங்கிருந்து மலை ஏற வேண்டும். கோடையில் அந்த டிக்கெட் கிடைப்பதே குதிரைக் கொம்பு. சொந்த வண்டி என்றால், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையை 2024 மே மாதம் ஐகோர்ட்டு உத்தரவில் கொண்டு வந்தார்கள். ரிசார்ட் மெம்பர் என்றாலும் அதற்கு விலக்கு கேட்க முடியாது.

ஒரு கணக்கு போடுவோம்

புரிவதற்காக ஒரு உதாரணம். விலை உங்களுக்கு சொல்லப்படும் தொகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மெம்பர்ஷிப் 4 லட்ச ரூபாய், 25 வருஷம், வருஷத்துக்கு 7 ராத்திரி என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் போடும் கணக்கு இது: 4 லட்சத்தை 25-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு ரூ.16 ஆயிரம். 7 ராத்திரிக்கு பிரித்தால் ஒரு ராத்திரி ரூ.2,300-க்கும் குறைவு. "இந்த விலைக்கு ஊட்டியில் டீக்கடை பெஞ்ச் கூட கிடைக்காது சார்!"

அவர் சொல்லாதது வருஷா வருஷம் கட்ட வேண்டிய பராமரிப்பு கட்டணம். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் ரூம் கிடையாது. விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். அது ரூ.20 ஆயிரம் என்று வைத்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.23,600. முன்பு பார்த்த 16 ஆயிரத்தோடு கூட்டினால் ரூ.39,600. ஒரு ராத்திரிக்கு சுமார் ரூ.5,650. சாப்பாடு, வண்டி எல்லாம் தனி.

இப்போது அந்த 4 லட்சத்தை பேங்கில் பிக்சட் டெபாசிட் போட்டதாக நினையுங்கள். 7 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு ரூ.28 ஆயிரம். வருஷ கட்டணம் மிச்சமான ரூ.23,600-ஐயும் சேர்த்தால் ரூ.51,600 கையில். அதில் கோடை சீசனிலேயே நல்ல ஓட்டலில் நாலைந்து நாள் தங்கி, மட்டன் பிரியாணியும் சாப்பிட்டு வரலாம். 25 வருஷம் கழித்து 4 லட்சம் அப்படியே பேங்கில் இருக்கும். பொண்ணு படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவசரம் என்றால் நடுவில் எடுக்கவும் செய்யலாம். டைம்ஷேரில் போட்டதை அப்படி எடுக்க முடியாது.

மறுபக்கமும் சொல்கிறேன். 20 வருஷம் கழித்து ஓட்டல் வாடகை எங்கேயோ போயிருக்கும், அப்போதும் உங்களுக்கு ரூம் வாடகை கிடையாது. பர்ப்பிள், ரெட் கார்டை முழுசாகப் பயன்படுத்துகிறவருக்கு இந்தக் கணக்கு மாறும். ஆனால் வருஷம் ரெண்டு ராத்திரி மட்டும் தங்கினால்? அதே ரூ.39,600-ஐ ரெண்டால் வகுத்துப் பாருங்கள். பகீர் என்கும்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல்கள் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, கன்னியாகுமரி, மாமல்லபுரம் எல்லா இடத்திலும் இருக்கின்றன. பளபளப்பு குறைவு தான். மெம்பர்ஷிப் தேவையில்லை.

பணம் திரும்பி வரும் என்றால் உஷார்!

டைம்ஷேர் என்ற பெயரில் வேறொரு சரக்கும் விற்கப்பட்டது. அதில் தான் ஏழை ஜனங்கள் அதிகம் மாட்டினார்கள்.

மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் என்ற கம்பெனி. ஓட்டல் ரூமில் தங்கும் உரிமையை விற்றது. தங்காவிட்டால் பரவாயில்லை, சில வருஷம் கழித்து பணம் கூடுதலாகத் திரும்பி வரும் என்பது தான் கவர்ச்சி. 51 லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். மொத்தம் ரூ.7 ஆயிரம் கோடிக்கு மேல்! இது ரூம் விற்பனை அல்ல, அனுமதி இல்லாமல் நடத்தப்பட்ட கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று பங்குச்சந்தை கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014-ல் தடை போட்டது. 2016-ல் பணத்தை திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. உத்தரவு வந்ததும் ஜனங்கள் கைக்கு பணம் வந்துவிடவில்லை.

கொல்கத்தாவின் ரோஸ்வேலி கம்பெனியும் ‘ஹாலிடே மெம்பர்ஷிப்’ விற்றது. அகர்தலாவில் கேளிக்கை பூங்கா, பல ஊரில் ஓட்டல் என்று கண்ணுக்குத் தெரியும் சொத்து இருந்ததால் ஜனங்கள் நம்பினார்கள். அதையும் செபி 2013-ல் தடுத்தது. 2015-ல் அதன் தலைவரை அமலாக்கத்துறை கைது செய்தது.

ஆகவே ஒரு கேள்வி போதும். "தங்கலைன்னா பணம் திரும்ப வருமா?" என்று கேளுங்கள். முறையான டைம்ஷேர் விற்பவர் வராது என்பார். "வரும் சார், வட்டியோட வரும்" என்று சொன்னால் அது ரிசார்ட் பேரில் நடக்கும் தீபாவளிச் சீட்டு. எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கனவே கட்டி ஏமாந்தவர்கள் பொருளாதார குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். முதலீட்டாளர்களைப் பாதுகாக்க தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் உண்டு.

கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வலையும் இருக்கிறது. "உங்க மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு வித்து தர்றோம், முதல்ல ஜி.எஸ்.டி.யும் கமிஷனும் அனுப்புங்க" என்று போன் வரும். அனுப்பியதும் போன் சுவிட்ச் ஆப். இது உள்ளூர் ஏமாற்று மட்டும் என்று நினைக்காதீர்கள். மெக்சிகோவின் ஜலிஸ்கோ போதைக் கும்பலே அமெரிக்க முதியவர்களிடம் இதே மாதிரி டைம்ஷேர் மோசடியில் கறந்ததாக 2023-ல் அமெரிக்க நிதித்துறை அந்தக் கும்பலோடு தொடர்புள்ள கம்பெனிகள் மீது தடை போட்டது. போதைக் கும்பலுக்கே கட்டுப்படியாகிற தொழில் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் என்ன நடக்கும்?

இதை எழுதுகிறவனும் வீட்டம்மாவோடு ஒரு தடவை போய் உட்கார்ந்தவன் தான். 90 நிமிஷம் என்றார்கள், மூணு மணி நேரம் ஆனது. முதலில் ஒரு பையன் பேசினான். வேண்டாம் என்றதும் அவனுடைய மேனேஜர் வந்தார். அவரிடமும் வேண்டாம் என்றதும் "இன்னைக்கு மட்டும் ஸ்பெஷல் ரேட்" என்று இன்னொருவர் வந்தார். பக்கத்து மேஜையில் யாரோ சேர்ந்துவிட்டதாக கை தட்டினார்கள். கடைசியில் கொடுத்த கிப்ட் 3 நாள், 2 ராத்திரி தங்கும் கூப்பன். வீட்டுக்கு வந்து படித்தால், முன்பதிவு கட்டணம் கட்டினால் தான் செல்லுமாம். அது இன்னும் பீரோவில் இருக்கிறது.

‘இன்னைக்கு மட்டும்’ என்பது தான் அங்கே முக்கியமான ஆயுதம். வீட்டுக்குப் போய் யோசித்தால் வாங்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தான் வெளிநாடுகளில் யோசிக்க அவகாசம் கொடுக்கச் சொல்லி சட்டமே போட்டார்கள். டிஸ்னி இருக்கிற புளோரிடாவில் கையெழுத்து போட்ட 10 நாளுக்குள் ரத்து செய்தால் பணம் முழுசாகத் திரும்ப வேண்டும். ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 14 நாள். இந்தியாவில் டைம்ஷேருக்கு என்று அப்படி தனிச் சட்டம் கிடையாது. கம்பெனி தானாக ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அது தான்.

ஆகவே ஒப்பந்தத்தை கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். கையெழுத்து போட்ட பிறகு தபாலில் வரும் என்றால் போடாதீர்கள். எந்த கலர், எந்த அளவு ரூம், எத்தனை நாள் முன்பு புக் செய்யலாம், வருஷ கட்டணம் இப்போது எவ்வளவு, எப்படி ஏறும், நடுவில் விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். "மே மாசமும் போகலாம்" என்று அவர் வாயால் சொன்னால், அதை அந்தப் பேப்பரிலேயே எழுதிக் கையெழுத்து போடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும். பேங்க் கணக்கில் இருந்து மாதாமாதம் பிடிக்கும் படிவத்தில் தொகை, தேதி எழுதாமல் கையெழுத்து போடவே கூடாது.

கையெழுத்து போட்டுவிட்டால்?

ராத்திரி தூக்கம் வரவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் மறுநாளே இ-மெயில் அனுப்புங்கள். கூடவே ஸ்பீடு போஸ்ட்டில் கடிதமும் அனுப்பி ரசீதை பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னால் கணக்கில் வராது. கடனாகவோ கிரெடிட் கார்டு தவணையாகவோ கட்டியிருந்தால் அந்த பேங்குக்கும் எழுதுங்கள். ரிசார்ட்டில் இருந்து விலகினாலும் தவணை தனியாக ஓடிக்கொண்டிருக்கும் என்பதை பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதில் இல்லை என்றால் 1915 என்ற நம்பரில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். அதிலும் சரிவராவிட்டால் விழுப்புரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ‘வழக்கு என்றால் சென்னையில் தான், மும்பையில் தான்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். நடுவர் மன்றத்துக்குத் தான் போக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற உரிமையை அது தடுக்காது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

நீங்கள் கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டில் இருந்தே மனு போடலாம். பிரச்சினை நடந்ததில் இருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் கட்டிய ரசீது, ஒப்பந்தம், ரூம் கேட்டு ‘இல்லை’ என்று வந்த மெயில், எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்-அப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து தேதிவாரியாக அடுக்கிக் கொண்டு போங்கள். அன்று ஹாலில் கொடுத்த கலர் புத்தகத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் மே மாதப் படம் போட்டிருந்தால் அதுவும் ஒரு சாட்சி தான்.